ஒரே கேள்வி, பல கட்டங்கள்

இணையதளத்தின் தேடல் படிவத்தில் சொல்லைத் தட்டுவதற்கான பெட்டி இருக்கும். அதன் பக்கத்தில் வகைகளின் பட்டியலை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை ஒரே சமயத்தில் தேர்ந்தெடுக்க இடம் தருவதே பலதேர்வு வடிகட்டி. நூலகப் பட்டியல், பத்திரிகை ஆவணகம், புத்தகக் கடை, வேலைவாய்ப்புத் தளம், வாடகை வீட்டுத் தளம் என எங்கும் இதைப் பார்க்கலாம். பார்வைக்கு நாலைந்து சதுரக் கட்டங்கள்தான். தேடுபவரின் மனத்தில் இருக்கும் கேள்வி சிதையாமல் தளத்தைச் சென்றடைவது அந்தக் கட்டங்களைப் பொறுத்தது.

சொல் தேடல் எழுத்துகளை மட்டுமே ஒப்பிடும். காவிரி டெல்டாவின் விவசாயக் கூலிகளைப் பற்றிய ஒரு நாவலின் தலைப்பிலும் குறிப்பிலும் ‘விவசாயம்’ என்ற சொல் வராமலே போகலாம். அந்தச் சொல்லைத் தட்டுகிறவருக்கு அந்த நாவல் கிடைக்காது. வகை என்பது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஒருவர் யோசித்து இட்ட அடையாளம். சொல் தவறவிடுவதை அது பிடித்துக் கொடுக்கும். வகைகளைத் தேடலோடு சேர்ப்பது என்றால் முன்பே ஒருவர் செலவிட்ட உழைப்பை இன்று தேடுகிறவர் கையில் ஒப்படைப்பது என்று பொருள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் கணினிக்கு முந்தைய நூலகவியல் இருக்கிறது. 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்புமுறை அறிவுத்துறைகளைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்தது. கிளைக்குள் கிளையாக இறங்கினால் கடைசியில் ஓர் எண் வரும். புத்தகம் அந்த எண்ணுக்குரிய தட்டில் நிற்கும். ஒரு பிரதி ஒரு தட்டில்தான் நிற்க முடியும் என்பதால் அலமாரிக்கு இது பொருந்தியது. ஆனால் ஒரு புத்தகம் ஒரே சமயத்தில் நெல்லைப் பற்றியதாகவும், பூச்சி நோயைப் பற்றியதாகவும், தஞ்சாவூரைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஏதாவது ஒரு கிளையில் அதை உட்காரவைத்தால் மற்ற இரண்டு வழிகளில் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். நூலகவியல் படிக்க லண்டன் சென்றிருந்தபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட சில உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டி, ஒரே பெட்டியிலிருந்து பல பொம்மைகளை உருவாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வகை எண்ணையும் இப்படி உறுப்புகளைப் பூட்டி உருவாக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குப் பிறந்தது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அந்த எண்ணத்தின் விளைவு.

அந்த முறையில் எல்லாத் தலைப்புகளும் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்காது. ஒவ்வொரு பொருளும் சில முகங்களாகப் பிரிக்கப்படும். பின்னாளில் ரங்கநாதன் அந்த முகங்களை ஐந்து அடிப்படைகளாகத் தொகுத்தார்: பேசப்படும் பொருளின் தனித்தன்மை, அது எதனால் ஆனது, அதன்மேல் நிகழும் செயல், இடம், காலம். 1950களில் தஞ்சாவூரில் நெற்பயிர் நோயைத் தடுத்த முறைகள் பற்றி ஒரு நூல் இருந்தால், நெல் ஒரு முகம், நோய்த் தடுப்பு ஒரு முகம், தஞ்சாவூர் ஒரு முகம், 1950கள் ஒரு முகம். முகங்களைத் தனித்தனியே குறித்துக் கோத்தால் நூலின் முழு அடையாளம் வரும். இன்றைய தளங்களில் இடப்பக்கம் ‘வகை’, ‘இடம்’, ‘ஆண்டு’ என்று தனித்தனித் தொகுதிகளாக நிற்கும் கட்டங்களின் கருத்து வடிவம் இதுதான். லண்டனில் 1952இல் உருவான வகைப்பாட்டு ஆய்வுக் குழு ரங்கநாதனின் முறையை எடுத்து வளர்த்தது. தகவல் மீட்பின் எல்லா முறைகளுக்கும் முகப் பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று 1955இல் அக்குழு அறிக்கை வெளியிட்டது. பின்னர் முகப் பகுப்பு இணையத்துக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் நடத்திய ஃபிளமெங்கோ என்ற ஆய்வுத் திட்டம் ஓவியப் படங்களை முகங்களின் வழியே தேடும் பக்கத்தை உருவாக்கிக் காட்டியது. 2006இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக நூலகம், வணிகத் தளங்களுக்காக எழுதப்பட்ட எண்டெகா மென்பொருளைக் கொண்டு தன் பட்டியலை மாற்றியமைத்தது. நூலகத்தில் பிறந்த கருத்து கடைகளைச் சுற்றி வந்து நூலகத்துக்கே திரும்பியது.

பல வகைகளைச் சேர்த்துத் தேடுவதும் கணினிக்கு முன்பே உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வுக்கூடங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் துளையிட்ட அட்டைகள் புழங்கின. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அட்டை முழுவதும் எண்ணிடப்பட்ட சிறு இடங்கள். ஒவ்வோர் எண்ணும் ஓர் ஆவணத்தைக் குறிக்கும். 312ஆம் ஆவணம் நெல்லைப் பற்றியது என்றால், ‘நெல்’ அட்டையில் 312ஆம் இடத்தில் துளையிடுவார்கள். அதே ஆவணம் பூச்சியைப் பற்றியும் பேசினால் ‘பூச்சி’ அட்டையிலும் அதே இடத்தில் துளை விழும். இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு பொருளையும் பற்றிய ஆவணங்களின் இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவும். அந்த எண்ணைப் படித்து ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அட்டைகளில் ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்று கேட்பது மிக எளிது. ‘இது இருந்தாலும் சரி, அது இருந்தாலும் சரி’ என்று கேட்பது கடினம். அதற்கு ஒவ்வோர் அட்டையையும் தனியே படித்து எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். கருவியே ஒரு வகைக் கேள்வியின் பக்கம் சாய்ந்திருந்தது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். 1854இல் ஜார்ஜ் பூல் சிந்தனையின் விதிகள் பற்றி எழுதிய நூல் இவ்விரண்டையும் இயற்கணிதச் செயல்களாக்கியது. தரவுத்தளங்கள் இரண்டையுமே எளிதாகச் செய்கின்றன. எனவே, தேடுபவர் இரண்டு கட்டங்களில் டிக் செய்தால் அதை இவ்விரண்டில் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்பதைப் படிவத்தை வடிவமைக்கிறவர் முடிவு செய்தாக வேண்டும். பலதேர்வு வடிகட்டியின் மையம் இந்த முடிவு. பெரும்பாலான குழப்பங்கள் இது எடுக்கப்படாமலே நிரல் எழுதப்படுவதால் வருகின்றன.

தமிழ் நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். ‘வடிவம்’ என்ற தொகுதியில் நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, தன்வரலாறு என்ற கட்டங்கள். ‘பொருள்’ என்ற தொகுதியில் விவசாயம், நகர வாழ்க்கை, இசை, சினிமா, புலம்பெயர்வு என்ற கட்டங்கள். ஓர் ஆய்வு மாணவி நாவல், சிறுகதை, விவசாயம் என்ற மூன்றையும் தேர்ந்தெடுக்கிறார். அவர் கேட்பது இது: விவசாயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், நாவலானாலும் சிறுகதையானாலும் பரவாயில்லை. ஒரே தொகுதிக்குள் தேர்வுகள் ‘அல்லது’ என்று சேர வேண்டும். தொகுதிக்கும் தொகுதிக்கும் நடுவே ‘மற்றும்’ என்று சேர வேண்டும். மூன்றையும் ‘மற்றும்’ என்று சேர்த்தால் நாவலாகவும் சிறுகதையாகவும் இருக்கும் நூலைத் தளம் தேடும். முடிவு வெறுமையாக வரும். மூன்றையும் ‘அல்லது’ என்று சேர்த்தால் பட்டியலில் உள்ள எல்லா நாவல்களும் கொட்டும். கட்டங்களைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க முடிவு பெருகிக்கொண்டே போகும். இரண்டு நிலையிலும் மாணவியின் கேள்வி தளத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ‘வடிவம்’ போன்ற முகத்தில் ஒரு நூலுக்குப் பெரும்பாலும் ஒரு மதிப்புதான் இருக்கும். ‘பொருள்’ போன்ற முகத்தில் பல மதிப்புகள் சேர்ந்தே இருக்கலாம். விவசாயம், புலம்பெயர்வு இரண்டையும் தேர்ந்தெடுப்பவர், நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிய நூல்களைத் தேடுகிறாரா, இரண்டு தலைப்புகளிலும் உள்ள எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறாரா என்பது கட்டங்களிலிருந்து தெரியாது. வாடகை வீட்டுத் தளத்தில் இது இன்னும் தெளிவு. தண்ணீர் வசதி, வண்டி நிறுத்துமிடம் இரண்டையும் டிக் செய்கிறவருக்கு இரண்டும் வேண்டும். வேளச்சேரி, தாம்பரம் இரண்டையும் டிக் செய்கிறவருக்கு இரண்டில் ஏதாவது ஓர் இடம் போதும். எனவே ஒவ்வொரு தொகுதியையும் தனியே எடுத்து, அதில் ஒரு பொருளுக்கு ஒரு மதிப்பா பல மதிப்புகளா என்று முதலில் பார்க்க வேண்டும். பல மதிப்புகள் வரும் தொகுதியில் ‘ஏதேனும் ஒன்று’, ‘எல்லாம் சேர்ந்து’ என்ற இரண்டு தெரிவுகளைக் கட்டங்களுக்கு மேலேயே காட்டிவிடுவது நல்லது. தளம் ஊகிப்பதைவிடத் தேடுபவரைக் கேட்பது மேல்.

அடுத்தது படிவத்தின் உருவம். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1995இல் வந்த 2.0 தரத்திலேயே பலவற்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு: பலதேர்வுப் பட்டியல் பெட்டி ஒன்று, செக்பாக்ஸ் எனப்படும் சதுரக் கட்டம் மற்றொன்று. பட்டியல் பெட்டி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பெரும்பாலான கணினிகளில் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்க வேண்டும். அதை அறியாமல் சொடுக்கினால் முதல் தேர்வு சத்தமில்லாமல் நீங்கிவிடும். செக்பாக்ஸில் இந்த ஆபத்து இல்லை. எது தேர்வானது, எது ஆகவில்லை என்று பார்த்ததும் தெரியும். வகைகள் பத்துப் பன்னிரண்டுக்குள் இருந்தால் செக்பாக்ஸே போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால், பட்டியலுக்குள்ளேயே தட்டித் தேடும் சிறு பெட்டி ஒன்று தேவைப்படும்.

கட்டத்துக்கு உரிய பெயர் நிரலிலும் அதனோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பெயரைத் தொட்டாலும் கட்டம் தேர்வாகும். கைபேசியில் பெருவிரலால் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. ஒரு தொகுதியின் கட்டங்கள் எல்லாம் ஒரு தலைப்பின்கீழ் குழுவாக அறிவிக்கப்பட வேண்டும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தத் தலைப்பைச் சொல்லும். இல்லையென்றால் ‘இசை’ என்ற கட்டம் நூலின் பொருளைக் குறிக்கிறதா, ஒலித்தட்டு வகையைக் குறிக்கிறதா என்று அவர்கள் அறிய வழியில்லை. எந்தக் கட்டமும் தேர்வாகாத நிலைக்கு ‘எல்லா வகைகளும்’ என்றே பொருள் கொள்ள வேண்டும். வகையைப் பற்றி ஒன்றும் சொல்லாதவர் எதையும் விலக்கவில்லை.

ஒவ்வொரு டிக்கின்போதும் முடிவுகள் தாமாக மாற வேண்டுமா, ‘தேடு’ பொத்தானை அழுத்திய பிறகு மாற வேண்டுமா என்பது சூழலைப் பொறுத்தது. வேகமான இணைப்பில் உடனடி மாற்றம் உதவும். மெதுவான கைபேசி இணைப்பில், நான்கு வகைகளைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் நான்கு முறை காத்திருக்க நேரும். அங்கே பொத்தானே நல்லது. வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது 1931இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அது திரைக்கும் பொருந்தும்.

தேர்வுகள் சர்வருக்குப் போகும் முறையிலும் ஒரு முடிவு இருக்கிறது. அவை பக்கத்தின் முகவரியிலேயே இடம்பெற வேண்டும். அப்படி இருந்தால் தேடுபவர் தன் தேடலைக் குறித்துவைக்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம், ஒரு நூலைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் அதே தேர்வுகளோடு திரும்பலாம். ஒரே பெயரில் பல மதிப்புகள் போகும்போது சர்வர் நிரல் அவற்றை எப்படி வாங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பிஎச்பி மொழியில் புலத்தின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறி இடாவிட்டால் கடைசித் தேர்வு மட்டுமே மிஞ்சும். படிவத்தில் மூன்று டிக் தெரியும். தேடல் ஒரு வகையில் மட்டும் நடக்கும். முடிவுகள் வந்துவிடுவதால் பிழை இருப்பதே பலகாலம் தெரியாது.

தரவுத்தளத்தில் நூல்களுக்கு ஓர் அட்டவணை, வகைகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்று இருக்கும். 417ஆம் நூலுக்கு நாவல், விவசாயம், புலம்பெயர்வு என்று மூன்று வகைகள் என்றால் இணைப்பு அட்டவணையில் அதற்கு மூன்று வரிகள். விவசாயம் அல்லது புலம்பெயர்வு என்று கேட்கும்போது இரண்டு வரிகள் பொருந்துவதால், அந்த நூல் முடிவில் இரண்டு முறை வந்து நிற்கும். நூல் எண்ணின்படி தொகுத்து ஒருமுறையாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றால், நூல் எண்ணின்படி தொகுத்து, பொருந்திய வெவ்வேறு வகைகளின் எண்ணிக்கை இரண்டாக இருக்கும் நூல்களை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே வரியில் வகை விவசாயமாகவும் இருக்க வேண்டும், புலம்பெயர்வாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதுவது தொடக்க நிலையில் அடிக்கடி நேரும் தவறு. ஒரு வரியில் ஒரு வகைதான் இருக்கும் என்பதால் அந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. படிவத்திலிருந்து வரும் வகை எண்களை வினவலுக்குள் அப்படியே ஒட்டவும் கூடாது. தீய நோக்குள்ளவர் எண்ணுக்குப் பதில் கட்டளையை அனுப்பலாம். ஒவ்வொரு மதிப்பையும் முழு எண்ணா என்று சரிபார்த்து, தனி அளவுருவாகச் செலுத்துவதே பாதுகாப்பு.

வேர்ட்பிரஸ் போன்ற தயார்நிலை மென்பொருளில் இந்த வேலையின் பெரும்பகுதி முன்பே செய்யப்பட்டிருக்கிறது. அதன் வினவலில் ஏதேனும் ஒரு வகை பொருந்தினால் போதும் என்பதற்கு ஓர் அளவுரு, எல்லாம் பொருந்த வேண்டும் என்பதற்கு ஓர் அளவுரு, குறிப்பிட்ட வகைகளை விலக்க ஓர் அளவுரு என மூன்றும் உண்டு. கிளை வகைகளில்தான் கவனம் வேண்டும். வகையைக் குறிப்பதற்கான அடிப்படை அளவுரு கிளை வகைகளையும் சேர்த்து எடுக்கும். ‘ஏதேனும் ஒன்று’ என்ற அளவுரு குறிப்பிட்ட வகையை மட்டும் எடுக்கும், கிளைகளைத் தொடாது. ‘இசை’யின்கீழ் ‘நாட்டுப்புற இசை’ என்ற கிளை இருந்து, அதில் மட்டும் குறிக்கப்பட்ட கட்டுரைகள் ‘இசை’யைத் தேர்ந்தெடுப்பவருக்கு வராமல் போவது இதனால்தான்.

ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் எத்தனை நூல்கள் என்ற எண்ணைக் காட்டுவது தேடுபவருக்குப் பெரிய துணை. அந்த எண்ணைக் கணக்கிடுவதில் பலதேர்வு ஒரு நுட்பத்தைக் கோருகிறது. விவசாயம் என்ற பொருளில் நாவல் 12, சிறுகதைத் தொகுப்பு 30, கவிதை 9 என்று வைத்துக்கொள்ளலாம். தேடுபவர் நாவலைத் தேர்ந்தெடுத்ததும் தளம் மிஞ்சிய 12 நூல்களுக்குள் மட்டும் எண்ணினால், சிறுகதைக்கு 0, கவிதைக்கு 0 என்று காட்டும். சிறுகதையையும் சேர்த்துக்கொள்ள நினைத்தவர் அங்கே ஒன்றுமில்லை என்று விலகிவிடுவார். 30 தொகுப்புகள் இருந்தும் இல்லையென்று சொன்னதாகிவிடும். ஒரு தொகுதிக்கான எண்களைக் கணக்கிடும்போது அந்தத் தொகுதியில் செய்த தேர்வுகளை ஒதுக்கிவைத்து, மற்றத் தொகுதிகளின் தேர்வுகளை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்போது சிறுகதைக்கு 30 என்ற எண் நிலைத்திருக்கும். சோலர், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களில் இதற்கென்றே வசதிகள் உண்டு.

முடிவு எதுவும் கிடைக்காத நிலை வரத்தான் செய்யும். அப்போது ‘முடிவுகள் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடக் கூடாது. எந்தெந்தத் தேர்வுகள் செயலில் இருக்கின்றன என்பதைப் பக்கத்தின் மேலே பெயரோடு காட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நீக்க வழி தர வேண்டும். எந்தத் தேர்வை நீக்கினால் எத்தனை நூல்கள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் காட்டினால், தேடுபவர் தன் கேள்வியைத் தானே தளர்த்திக்கொள்வார். அவரைக் கேட்காமல் தளமே நிபந்தனைகளைக் கைவிட்டு வேறெதையோ நீட்டுவது சரியில்லை. தான் கேட்டதற்கான விடை என்றே அவர் அதை நம்பிவிடுவார்.

கட்டங்கள் கூடக்கூட அவற்றின் சேர்க்கைகள் பன்மடங்காகும். 10 கட்டங்களில் 1,024 விதமான தேர்வுகள் சாத்தியம். 20 கட்டங்களில் 10,48,576. ஒவ்வொரு தேர்வும் ஒரு முகவரி என்பதால், தேடுபொறிகளின் நிரல்கள் அவற்றைத் தனித்தனிப் பக்கங்களாக எண்ணிப் புகுந்தால் சிறிய சர்வர் திணறிவிடும். வடிகட்டிய பக்கங்களுக்குள் அந்நிரல்கள் நுழைவதைத் தடுத்து, வகைகளின் முதன்மைப் பக்கங்களை மட்டும் அவற்றுக்குத் திறந்துவைப்பது வழக்கம். முகவரியில் தேர்வுகளை எப்போதும் ஒரே வரிசையில் எழுதினால் ஒரே தேடலுக்குப் பல முகவரிகள் உண்டாவதும் குறையும்.

நிரல் முழுவதும் சரியாக இருந்தாலும் வடிகட்டியின் தரம் கடைசியில் வகைகளின் தரத்தில் வந்து நிற்கும். வகை இடுவது தீர்ப்பு வழங்கும் வேலை. தன் வாழ்க்கையை நாவலாக எழுதியவரின் நூலைத் தன்வரலாற்றில் சேர்ப்பதா, நாவலில் சேர்ப்பதா என்ற கேள்விக்கு மரமாக விரியும் வகைப்பாடு ஒரு விடையைத்தான் ஏற்கும். முகப் பகுப்பில் இரண்டையும் இடலாம். இரு வழிகளில் தேடி வருகிறவர்களுக்கும் நூல் கிடைக்கும். அதே சமயம் ‘நகர வாழ்க்கை’, ‘நகரம்’, ‘மாநகரம்’ என்று ஒரே பொருளுக்கு மூன்று வகைகள் முளைத்திருந்தால், ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் மற்ற இரண்டில் கிடப்பதை இழப்பார். ‘பிற’ என்ற கட்டம் வீங்கிக்கொண்டே போனால், அங்கே பெயரிடப்படாத வகைகள் காத்திருக்கின்றன என்று பொருள்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வகையே இடப்படாத பதிவுகளுக்கு நேர்கிறது. வடிகட்டி இல்லாத தேடலில் அவை எப்படியோ வந்துகொண்டிருந்தன. வகைக் கட்டங்களைச் சேர்த்த நாளிலிருந்து, எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அவை வெளியே நின்றுவிடும். அறியப்படாத ஊரில் அச்சான சிறு வெளியீடுகளும், தொகுப்பாளர் படிக்க நேரம் கிடைக்காமல் தள்ளிவைத்த இதழ்களும்தான் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும். தேடுபவருக்கு அவை இருப்பதே தெரியாது. அதனால் புகாரும் வராது. இதைத் தளத்தை நடத்துகிறவர்தான் பார்க்க முடியும். வகை இல்லாத பதிவுகளைத் தனியே பட்டியலிட்டு, கட்டங்களைச் சேர்க்கும் முன்பே அவற்றுக்கு வகை இட வேண்டும். முடியாதவற்றுக்கு ‘வகைப்படுத்தப்படாதவை’ என்ற கட்டத்தை மற்றவற்றோடு சமமாக வைத்து, புதிய பதிவு வகையில்லாமல் சேர்வதைப் படிவத்திலேயே தடுக்க வேண்டும். பலதேர்வு வடிகட்டியை அமைக்கும் பணி இந்தப் பட்டியல் காலியாகும்போதுதான் முடிவடைகிறது.